‘எறங்க ஆள் இருக்கு’: தெனிஸ்லியில் பத்து மாதம்

கரூரில் பிறந்தவனுக்குத் துருக்கி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது டவல்தான். ‘டர்க்கி டவல் ரெண்டு குடுங்க’ என்று கேட்டு வாங்காத வீடு எங்கள் ஊரில் இருக்காது. நான் வேலை பார்ப்பதும் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில். 2022 செப்டம்பரில் என் கம்பெனி என்னைப் பத்து மாத வேலையாகத் துருக்கியின் தென்மேற்கில் இருக்கும் தெனிஸ்லிக்கு அனுப்பியது. டவலுக்கும் குளியல் அங்கிக்கும் பேர்போன ஊர் அது, ஒரு வகையில் அந்த நாட்டின் கரூர் என்று சொல்லலாம். பக்கத்திலேயே புல்தான் என்ற சிற்றூரில் இன்னும் தறிச்சத்தம் கேட்கும். அங்கே நெய்கிற பெஷ்தமால் என்ற குளியல் துணியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, நம் ஊர்த் துண்டுக்கு ஓரத்தில் குஞ்சம் கட்டிவிட்டதுபோல இருந்தது.

துருக்கி போகிறவர்கள் பெரும்பாலும் இஸ்தான்புல்லைச் சுற்றிவிட்டு, பலூனில் ஏறி ஒரு படம் எடுத்துவிட்டு வருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த மக்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அவர்கள் மொழி கொஞ்சமாவது வேண்டும், அதிலும் தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்த மொழி மற்றவர்களைவிடச் சுலபமாக வரும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் மூன்று மாதம் வீணாயிற்று, அது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன புதிதில் ஆங்கிலம் வழியாகத் துருக்கி மொழி கற்றுத்தரும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ‘வினைச்சொல் கடைசியில் வரும், இது வழக்கத்துக்கு மாறானது’ என்று ஆரம்பித்து, பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டும் உருபுகளுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் மனதுக்குள் ஆங்கிலத்தில் கட்டி, பிறகு அதைக் கலைத்துத் தலைகீழாக அடுக்கி, வாயைத் திறப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். டிசம்பரில் ஒருநாள் மில் கேண்டீனில் ஒரு பையன் உள்ளே எட்டிப் பார்த்து ‘சாய் வார் மு?’ என்று கேட்டான். சாய் என்றால் டீ, வார் என்றால் இருக்கு, மு என்றால் கேள்விக்கு நாம் கடைசியில் சேர்க்கும் ‘ஆ’. ‘டீ இருக்கா?’ அவ்வளவுதான், சொல்லுக்குச் சொல் அதே வரிசை. உள்ளேயிருந்து ‘யோக்’ என்று பதில் வந்தது. யோக் என்றால் இல்லை. இருக்கு, இல்லை என்ற இரண்டு சொல்லை வைத்து நாம் பாதி நாளை ஓட்டுகிற மாதிரி, அவர்கள் வார், யோக் இரண்டையும் வைத்து ஓட்டுகிறார்கள். அன்று ராத்திரி அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு, கேட்ட வாக்கியங்களையெல்லாம் தமிழில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன்.

எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்லெரிமிஸ், எங்கள் வீடுகள். எவ்லெரிமிஸ்தென், எங்கள் வீடுகளிலிருந்து. ‘எங்கள்’ மட்டும் முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொள்கிறது, மற்றபடி நாம் கட்டுவதுபோலத்தான் அவர்களும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டுகிறார்கள். ‘தூன் கெலென் ஆதாம்’ என்பது ‘நேற்று வந்த ஆள்’. இந்த ‘வந்த’வை, அதாவது பெயரெச்சத்தை, ஆங்கிலப் புத்தகம் ஒரு முழு அத்தியாயம் எடுத்து விளக்கியிருந்தது. ‘கிதிப் கெல்திம்’ என்றால் ‘போய் வந்தேன்’, நம் வினையெச்சம் அப்படியே. இரண்டாம் வேற்றுமையில்கூட அதே பழக்கம் இருந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ‘கிதாப் ஓகுதும்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம் படித்தேன், ‘கிதாபு ஓகுதும்’ என்றால் அந்தக் குறிப்பிட்ட புத்தகத்தைப் படித்தேன். ஐ உருபை எப்போது போடுவது, எப்போது விடுவது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, காதிலேயே இருக்கிறது. அந்தக் காது அங்கேயும் வேலை செய்கிறது.

இன்னும் உண்டு. நேரில் பார்க்காமல் அடுத்தவர் சொல்லித் தெரிந்ததை நாம் ‘வந்தாராம்’ என்று ஓர் ‘ஆம்’ சேர்த்துச் சொல்கிறோமே, அதற்கு அவர்களிடம் ‘மிஷ்’ இருக்கிறது. கெல்தி என்றால் வந்தார், கெல்மிஷ் என்றால் வந்தாராம். ஊர்வம்பு, பழங்கதை, வதந்தி எல்லாம் மிஷ்ஷில்தான் ஓடும். ‘வருகிறேன் என்று சொன்னார்’ என்பதில் வரும் ‘என்று’ நமக்கு ‘என்’ என்ற சொல்லுதல் வினையிலிருந்து வந்ததுபோல, அவர்களுடைய ‘தியே’யும் சொல்லுதல் வினையிலிருந்து வந்ததுதான். நாம் புத்தகம் கித்தகம் என்றால் அவர்கள் கிதாப் மிதாப். நாம் டீ கீ என்றால் அவர்கள் சாய் மாய். நமக்குக் கி, அவர்களுக்கு ம.

இதைச் சொன்னதும் சிலர் இரண்டும் ஒரே குடும்ப மொழி என்று கிளம்பிவிடுவார்கள், அது சரியல்ல. துருக்கி மொழியின் பழைய கல்வெட்டுகள் இன்றைய மங்கோலியாவில் ஓர்கோன் ஆற்றுப் பக்கம் கிடைத்தவை, எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அது மத்திய ஆசியாவிலிருந்து குதிரைமேல் வந்த மொழி, தமிழோடு உறவு என்று நிறுவப்படவில்லை. கட்டும் முறைதான் ஒன்றுபோல இருக்கிறது, கற்றுக்கொள்கிறவனுக்கு அதுவே போதும். கஷ்டமும் இல்லாமல் இல்லை. ஒரு சொல்லில் வரும் உயிர் ஒலிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதனால் பன்மை உருபு ஒரு சொல்லில் லெர், இன்னொன்றில் லார். எவ்லெர், ஆனால் கிதாப்லார். இது பழக மாதங்கள் ஆகும். உதட்டைக் குவித்துக்கொண்டு எ, இ சொல்லுகிற இரண்டு ஒலிகள் எனக்கு இன்னும் சரியாக வருவதில்லை. ஆனால் ஆங்கில ‘i’ போலவே, மேலே புள்ளி மட்டும் இல்லாத எழுத்து ஒன்று உண்டு, வெளிநாட்டவர் பலர் தடுமாறுவது அதில்தான். அது நம் குற்றியலுகரம். ‘பாட்டு’, ‘காது’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது கடைசியில் ஒலிக்கும் அந்த உ. வாயை மாற்றவே வேண்டாம்.

என்னை முழுசாக இந்தப் பக்கம் திருப்பிய சம்பவம் தோல்முஷ்ஷில் நடந்தது. தோல்முஷ் என்பது நம் ஷேர் ஆட்டோவின் பெரிய அண்ணன், ஒரு குட்டி வேன். பெயருக்கே ‘நிரம்பியது’ என்றுதான் அர்த்தம், உள்ளே அடைத்த கத்தரிக்காய், குடமிளகாய்க்கு தோல்மா என்று பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான். கடைசி வரிசையில் இருப்பவர் காசை முன்னால் நீட்டுவார், அது நாலு கை மாறி டிரைவரிடம் போகும், மீதி அதே வழியில் திரும்பி வரும். நம் டவுன் பஸ்ஸில் ‘ஒரு லைட்ஹவுஸ் கார்னர் பாஸ் பண்ணுங்க’ என்று நீட்டுவோமே, அதேதான். ஒருநாள் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா சத்தமாக ‘முசாயித் பிர் யெர்தே இனெஜெக் வார்!’ என்றார். தோதான இடத்தில் இறங்க ஆள் இருக்கு! நாம் பஸ்ஸில் கத்துகிற ‘எறங்க ஆள் இருக்குங்க’வை அவர் தன் மொழியில் கத்தினார். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று மாதமாக வெளியூர் என்று நினைத்துக்கொண்டிருந்த இடம் அந்த ஒரு வரியில் பக்கத்தில் வந்துவிட்டது.

பஸ் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்விட்டு ஊர் போகும் பஸ்களில் டீயும் கேக்கும் தண்ணீரும் கொண்டுவந்து தர ஓர் ஆள் இருப்பார், சிலவற்றில் உள்ளங்கையில் எலுமிச்சை வாசனைக் கொலோன்யா ஊற்றுவார்கள், கையில் தேய்த்துக்கொள்ள வேண்டும். உறவில்லாத ஆணையும் பெண்ணையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் பொதுவாக உட்கார வைக்க மாட்டார்கள், டிக்கெட் எடுக்கும்போதே கேட்பார்கள். ரம்ஜான், பக்ரீத் விடுமுறைக்கு நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், தீபாவளிக்குக் கோயம்பேடு எப்படியோ அப்படி. முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

எல்லாமே நம்மைப் போல என்று நம்பிவிடவும் கூடாது, நம்பியதற்கு நான் ஒரு பகலைக் கொடுத்தேன். பாமுக்காலே என்ற இடம் தெனிஸ்லியிலிருந்து இருபது கிலோமீட்டர். சுண்ணாம்புச் சத்து நிறைந்த வெந்நீர் ஊற்று ஆயிரக்கணக்கான வருடம் வழிந்து வழிந்து ஒரு குன்றையே வெள்ளைப் படிக்கட்டாக மாற்றியிருக்கிறது. பெயருக்குப் பருத்திக் கோட்டை என்று பொருள். பஞ்சு மூட்டைகளை அடுக்கி வைத்த கிடங்குபோல இருக்கும், அதன்மேல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். அங்கே போக நிலையத்தில் ஒரு வேன் டிரைவரிடம் ‘பாமுக்காலே?’ என்று கேட்டேன். அவர் இரண்டு புருவத்தையும் மேலே தூக்கி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, நாக்கால் ‘ட்ச்’ என்று ஒரு சத்தம் செய்தார். நம் ஊரில் புருவத்தைத் தூக்கினால் ‘என்ன?’ என்று கேட்பதாகும். சரி, காது கேட்கவில்லைபோல என்று மறுபடி சத்தமாகச் சொன்னேன், அவர் மறுபடி அதையே செய்தார், நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி போனது ஹோனாஸ் என்ற வேறு திசையில் இருக்கும் ஊருக்கு. அங்கே புருவம் தூக்கினால் ‘இல்லை’. ‘ட்ச்’ என்ற அந்தச் சத்தத்தை மட்டும் கவனித்திருந்தால்கூடப் புரிந்திருக்கும், ஏனென்றால் நாமும் இல்லை என்பதற்கு ‘ப்ச்’ கொட்டுகிறவர்கள்தானே. நான் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிறுத்தத்தில் நான் விழிப்பதைப் பார்த்த அந்த டிரைவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, திரும்பும்போது காசு வாங்காமல் கூட்டிவந்து சரியான வண்டியில் ஏற்றிவிட்டார். புருவம் தூக்கினால் இல்லை. முதல் நாளே மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

உறவுமுறைச் சொற்கள் நமக்குச் சொத்து. முன்பின் தெரியாதவரையும் முறை வைத்துக் கூப்பிடுகிற நாடு அது. கொஞ்சம் மூத்த ஆண் என்றால் ஆபி, அண்ணன். மூத்த பெண் ஆப்லா, அக்கா. அம்மா வயதுப் பெண்கள் தெய்ஸே, நேர்ப்பொருள் அம்மாவின் சகோதரி. அப்பாவின் சகோதரி ஹாலா, நம் அத்தை. அப்பாவின் சகோதரர் அம்ஜா. அம்மாவின் சகோதரர் தாயு. தாய்மாமனுக்குத் தாயு என்று பெயர் வந்தது தற்செயல்தான், ஆனால் எனக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லாமல் போனது. ‘அன்னே’ என்பதில் மட்டும் கவனம் வேண்டும், அங்கே அது அம்மா. மில்லில் அனுபவமுள்ள தறிக்காரர்களை உஸ்தா என்பார்கள். சிலம்பம் கற்றுத்தந்தவரை எங்கள் தாத்தா வஸ்தாது என்று சொல்லுவார், அதே பாரசீகச் சொல்தான் இரண்டு பக்கமும் போயிருக்கிறது. இப்படி ஜேபி அங்கே ஜெப், மைதானம் மெய்தான், ஆஜர் ஹாசுர், ஜவாப் ஜெவாப், அல்வா ஹெல்வா. ஆபீஸில் பெயருக்குப் பின்னால் ஆணுக்கு பெய், பெண்ணுக்கு ஹானும் சேர்க்க வேண்டும். சென் என்றால் நீ, சிஸ் என்றால் நீங்கள். அவர்களாகச் சொல்லும் வரைக்கும் சிஸ்ஸிலேயே இருங்கள், நமக்கு இது பழகிய பாதைதானே.

அடுத்தது வாழ்த்துச் சொற்கள். ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் ஒரு சொல் தயாராக வைத்திருக்கிறார்கள், சொல்லாமல் விட்டால் என்னவோ குறைந்ததுபோல இருக்கும். வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போனால் ‘கொலாய் கெல்சின்’, சுலபமாக வரட்டும். சமைத்தவருக்கு ‘எலினே சாலுக்’, உன் கைக்கு ஆரோக்கியம். முடி வெட்டிக்கொண்டு வந்தாலோ குளித்துவிட்டு வந்தாலோகூட ஒரு சொல் உண்டு. உடம்பு சரியில்லாதவருக்கு ‘கெச்மிஷ் ஓல்சுன்’, கடந்து போனதாக இருக்கட்டும். நானும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு தறி தறியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். 2023 பிப்ரவரி 6 அதிகாலை நாலே காலுக்குத் தென்கிழக்கில் பூமி அதிர்ந்தது, 7.8 அளவு, அன்றே மதியம் இன்னொன்று. துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். தெனிஸ்லி தூரத்தில் இருந்தது, ஆனால் எங்கள் பேக்கிங் பிரிவில், நிலநடுக்கம் தாக்கிய ஹத்தாய் மாகாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினார். ஒவ்வொருவராக அவரிடம் போய்க் கையைப் பிடித்து ‘பாஷுன் சா ஓல்சுன்’ என்றார்கள். உன் தலை நலமாக இருக்கட்டும் என்று அர்த்தம். போனவர்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை, மிஞ்சி நிற்பவனுக்கான சொல் அது. நானும் சொன்னேன். அவர் தலையசைத்து, நெஞ்சில் கை வைத்து, ‘தோஸ்த்லார் சா ஓல்சுன்’, நண்பர்கள் நலமாக இருக்கட்டும் என்றார். அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்திருக்கிறது. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல் மனிதர்கள் தவித்துப்போகக் கூடாது என்று எத்தனையோ தலைமுறை யோசித்து வைத்த சொற்கள் இவை. கிளம்புவதற்கு முன் இந்த நாலைந்தையாவது கற்றுக்கொண்டு போங்கள்.

டீயைப் பற்றிச் சொல்லாமல் துருக்கி இல்லை. தலைக்கு இத்தனை கிலோ என்று கணக்குப் போட்டால் உலகத்திலேயே அதிகம் டீ குடிப்பவர்கள் அவர்கள்தான். அது பழங்காலத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தேன், இல்லை. அவர்கள் பழைய பானம் காபி. முதல் உலகப் போருக்குப் பிறகு காபி விளையும் நிலங்கள் கைவிட்டுப் போன நிலையில், கருங்கடல் கரையில் ரீஸே பகுதியில் டீ பயிரிட ஆரம்பித்தார்கள், அங்கே முதல் தொழிற்சாலை வந்தது 1947இல். செய்முறை நம் டிகாக்‌ஷன் மாதிரி. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாத்திரம், கீழே வெந்நீர் கொதிக்கும், மேலே டீத்தூள் ஊறிக்கொண்டே இருக்கும். இடுப்பு சிறுத்த கண்ணாடி டம்ளரில் மேல் பாத்திரத்துச் சாறு கொஞ்சம், மீதிக்கு வெந்நீர். பால் கிடையாது. நல்ல நிறத்தில் இறங்கிய டீயை முயல் ரத்தம் என்பார்கள். டம்ளர் காலியானதும் கேட்காமலே நிரப்புவார்கள், போதும் என்றால் ஸ்பூனை டம்ளர்மேல் குறுக்காக வைத்துவிட வேண்டும். இது தெரியாமல் முதல் வாரத்தில் ஒரு சாயப்பட்டறையில் ஏழு டீ குடித்தேன். வியாபாரம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: முதல் டீயை மறுக்காதீர்கள், அது முடிவதற்குள் விலையை எடுக்காதீர்கள்.

சாப்பாட்டில் அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. தெனிஸ்லி கபாப் என்று ஒன்று, அடுப்பில் மெதுவாக வெந்த ஆட்டுக்கறி, ரொட்டியின்மேல் வைத்துத் தருவார்கள். அதைக் கையால்தான் சாப்பிட வேண்டும், கடையில் ஃபோர்க் கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார்கள். கையால் பிசைந்து நான் சாப்பிட்ட லாவகத்தைப் பார்த்து கடைக்காரர் இன்னொரு தட்டில் வெங்காயமும் தக்காளியும் கொண்டுவந்து வைத்தார். அயிரான் என்பது உப்புப் போட்ட மோர். சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். ‘எத்’ வேண்டாம் என்று சொன்னால் போதாது, எத் என்றால் ஆடு மாட்டுக் கறி என்று எடுத்துக்கொண்டு கோழியைக் கொண்டுவந்து வைக்கக்கூடும். ‘எத், தாவுக், பாலுக் யெமியோரும், எத் சுயு தா ஓல்மாசுன்’ என்று முழுசாகச் சொல்லுங்கள்: கறி, கோழி, மீன் சாப்பிட மாட்டேன், கறித் தண்ணீரும் வேண்டாம். எங்களோடு வந்த சைவக்காரர் ஒருவர் பருப்பு சூப், கீரை வைத்த கோஸ்லெமே ரொட்டி, ஆலிவ் எண்ணெயில் செய்து ஆறவைத்துத் தரும் காய்கள், காலை வேளையில் ஆலிவும் வெள்ளைச் சீஸும் தக்காளியும் என்று நிம்மதியாகவே இருந்தார். மஞ்சள், சீரகம், மல்லிக்கு அக்தார் என்ற கடையைத் தேடுங்கள், நம் நாட்டு மருந்துக் கடை மாதிரியேதான், வாசனைகூட அதேதான். கறிவேப்பிலை கிடைக்காது, கொண்டுபோய்விடுங்கள். தேங்காய்க்கு அவர்கள் வைத்த பெயர் ஹிந்திஸ்தான் ஜெவிஸி, இந்திய அக்ரூட். வான்கோழிக்குப் பெயர் ஹிந்தி, இந்தியாவுடையது என்று பொருள். ஆங்கிலத்தில் அதே பறவைக்கு அவர்கள் நாட்டின் பெயர்.

நான் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு தெய்ஸே இருந்தார், எழுபது வயசிருக்கும். ஒருநாள் படிக்கட்டில் அவர் பையிலிருந்து ரொட்டித் துண்டு ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், உதட்டில் வைத்து முத்தமிட்டார், நெற்றியில் ஒற்றினார், பிறகு யார் காலும் படாத உயரத்தில், ஜன்னல் திட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். பறவைக்கு ஆகும் என்று. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. முஹர்ரம் மாதத்தில் ஆஷுரே என்ற இனிப்புக் கஞ்சியை, கோதுமை, கொண்டைக்கடலை, பீன்ஸ், உலர்ந்த அத்தி எல்லாம் போட்டுக் காய்ச்சி, வீடு வீடாகக் கொடுப்பார்கள். நோவாவின் கப்பல் கரை சேர்ந்தபோது மிஞ்சியதையெல்லாம் போட்டுச் செய்ததாம். நான் அங்கிருந்தபோது அந்த மாதம் வரவில்லை, ஆனால் அவர் எனக்காக ஒரு நாள் செய்தார். கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ரவா கேசரி வைத்துக் கொடுத்தேன்.

சிவ்ரில் பக்கத்துக் கிராமத்தில் தறிக்காரர் ஒருவரின் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முந்தின ராத்திரி பெண்ணுக்கு மருதாணி. மறுநாள் வாசலில் ஒருவர் ஊதுகிறார், ஒருவர் கழுத்தில் பெரிய மேளத்தை மாட்டிக்கொண்டு அடிக்கிறார். ஊதுவது சுர்னா, சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம், நாதஸ்வரத்தின் ஒன்றுவிட்ட தம்பி. மேளத்தின் பெயர் தாவுல். நாதஸ்வரம் தவில், சுர்னா தாவுல். தூரத்திலிருந்து கேட்டபோது ஒரு நொடி எங்கள் மாரியம்மன் கோயில் தெருவில் நிற்பதுபோல இருந்தது. அப்புறம் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, உறவுக்காரர்கள் வரிசையாக வந்து தங்கக் காசையும் பணத்தையும் அவர்கள் உடுப்பில் குத்துகிறார்கள், ஒருவர் மைக்கில் ‘மாப்பிள்ளையின் அம்ஜாவிடமிருந்து’ என்று அறிவிக்கிறார். மொய்தான், வேறென்ன? கால் காசு என்று ஒரு தங்கக் காசு, 22 காரட், ஒண்ணே முக்கால் கிராம். விலை எகிறிக் கிடந்ததால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் போனோம், அதில் ஒன்றும் தப்பில்லை என்று அங்கே சொன்னார்கள். கடைசியில் நடுத்தர வயது ஆண்கள் இரண்டு பேர் செய்பெக் ஆடினார்கள். மேற்கே ஏஜியன் கடல் பக்கத்து ஆட்டம் அது. கைகளைப் பருந்து சிறகுபோல விரித்து, ஒவ்வொரு அடியாக அவ்வளவு நிதானமாக எடுத்து வைத்து, சட்டென்று ஒரு முழங்காலைத் தரையில் தொட்டு எழுகிறார்கள். ஆடும்போது அவர்கள் முகத்தில் சிரிப்பே இல்லை.

நவம்பர் 10 காலை 9.05க்கு நான் தறிக்கூடத்தில் இருந்தேன். குடியரசை 1923இல் நிறுவிய முஸ்தஃபா கெமால் அத்தாதுர்க் 1938இல் அந்த நாளில், அந்த நிமிடத்தில் இறந்தார். வெளியே சைரன் ஊத ஆரம்பித்ததும் ஒவ்வொரு தறியாக நின்றது. இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற கூடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிச் சத்தம் மட்டும். எல்லோரும் கையைப் பக்கத்தில் வைத்து நின்றார்கள். ரோட்டில் கார்கள் நின்று, ஓட்டுபவர்கள் இறங்கி நின்றதாக வாட்ச்மேன் பிறகு சொன்னார். அவரைப் பற்றி அங்கே பலருக்குப் பல கருத்து இருக்கலாம், அதை அவர்கள் பேசட்டும். அவர் நினைவை இழிவுபடுத்துவது 1951லிருந்து சட்டப்படி குற்றம் என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த நிமிடத்தில் நீங்கள் எங்கிருந்தாலும் நில்லுங்கள்.

அதே மனிதர் கொண்டுவந்த மாற்றம்தான் எழுத்து. 1928 நவம்பரில் அரபு எழுத்தை விட்டு 29 எழுத்துள்ள லத்தீன் அகரவரிசைக்கு மொழி மாறியது. சொன்னபடி எழுதி, எழுதியபடி வாசிக்கிற எழுத்து, என்னைப் போன்றவர்கள் ஒரு வாரத்தில் போர்டு படிக்கலாம். ஆனால் தெய்ஸே ஒருநாள் தகரப் பெட்டியைத் திறந்து, தன் தாத்தா எழுதிய கடிதம் ஒன்றைக் காட்டினார். மஞ்சளாகிப்போன தாள், அழகான அரபு எழுத்து. அவருக்கும் வாசிக்கத் தெரியாது, மகனுக்கும் தெரியாது, கல்லூரி படிக்கும் பேரனுக்கும் தெரியாது. விரலால் அந்த வரியைத் தடவிக்கொண்டே இருந்தார். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் கிரயப் பத்திரத்தை நான் தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிடுவேன், அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மண்ணில் துருக்கி மொழி மட்டும் இல்லை என்பதும் மனதில் இருக்கட்டும். 1071இல் மலாஸ்கிர்த் போருக்குப் பிறகுதான் துருக்கியர் அனதோலியாவில், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியில், பெரிதாகப் பரவினார்கள். பாமுக்காலே உச்சியில் கிடக்கும் ஹியராபொலிஸ் அதற்கெல்லாம் முந்தைய கிரேக்க, ரோம நகரம். இன்றும் குர்திஷ் பேசுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், எங்கள் சாயப் பிரிவு உஸ்தா தியார்பக்கீர்க்காரர், வீட்டில் குர்திஷ்தான். ‘நீங்கள் துருக்கியர்தானே’ என்று ஆரம்பிக்காமல், ‘எந்த ஊர்’ என்று கேளுங்கள், அவர்களே முதலில் கேட்பது அதைத்தான். அதேபோல சைப்ரஸின் வடக்கிலும் பல்கேரியாவிலும், 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்த் தங்கிவிட்ட ஜெர்மனியிலும் அந்த மொழி வாழ்கிறது.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. குடியிருப்பு அனுமதிக்கு வீட்டு ஒப்பந்தம் நோட்டரி முத்திரையோடு கேட்டார்கள், என் தரகர் அது தேவையில்லை என்று சொல்லியிருந்தார், அதனால் எனக்கு ஒரு முறை தேதி தள்ளிப்போனது. வாய்ச்சொல்லை நம்பாமல் முதலிலேயே நோட்டரிக்குப் போய்விடுங்கள். விலைவாசி: நான் இருந்த 2022 அக்டோபரில் அரசு கணக்குப்படியே ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது, ஹோட்டல் மெனுவில் விலைமேல் விலை ஒட்டியிருப்பார்கள். சம்பளம் எந்தப் பணத்தில் என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஜூலையில் கிளம்பும்போது தெய்ஸே வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றார், வண்டி நகர்ந்ததும் பின்னால் ஊற்றினார். தண்ணீர்போலப் போய், தண்ணீர்போல வா என்று அர்த்தம். ஊர் வந்து மூன்றாம் நாள் பேரனின் போனிலிருந்து அவர் குரல் வந்தது. ‘கரூரா வார்முஷ்சுன் ஓலும்?’ கரூர் போய்ச் சேர்ந்துட்டியாமே மகனே? நேரில் பார்க்கவில்லை, பேரன் சொல்லித் தெரிந்தது, அதனால் அந்த மிஷ்தான் இங்கே முஷ்ஷாக வந்திருக்கிறது. வந்துட்டேன் தெய்ஸே என்றேன். கொஞ்ச நேரம் விட்டு அடுத்த கேள்வி வந்தது: ‘ஓராதா சாய் வார் மு?’ அங்கே டீ இருக்கா?

இருக்கு தெய்ஸே, ஆனால் பால் போட்டது என்று அவர் மொழியிலேயே சொன்னேன்.